துருப்பிடித்த சைக்கிளும் ஓடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் அடித்த காலத்துச் சைக்கிள்கள் பற்றிய கட்டுரை அருமை. 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பழைய ஹெர்குலிஸ் வண்டிகள் இன்னும் பல வீடுகளில் துருவேறி நிற்கின்றன. தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் ஓவராயில் செய்தால் ஓடும்.

பெரிய தொல்லை காட்டர் பின், அதாவது பெடல் மாட்டும் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு ஆணி. நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடித்தால் மரை நசுங்கி, பின் உள்ளேயே இறுகிவிடும். முந்தின இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். நட்டை மரையின் நுனிவரை மட்டும் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, பலமாக ஓர் அடி போதும். திரும்ப மாட்டும்போது ஒரு பின்னின் நட்டு மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்க வேண்டும். மாறினால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது, மிதி நொண்டும்.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். அதை வலப்புறம் திருப்பினால்தான் கழலும்.

சக்கரத்தின் நடுவில் உள்ள குடம்தான் ஹப். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ஸ் (இரும்புக் குண்டுகள்), பின் ஹப்பில் சற்றுப் பெரியதாக 9. பழசையும் புதுசையும் கலக்கக் கூடாது. சுமை முழுவதும் புதுசின் மேல் விழுந்து குண்டுகள் உருளும் கோன் குழிந்துபோகும்.

பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கினால் வால்வில் மாட்டும் சிறு ரப்பர் குழாயான வால்டியூபைப் பாருங்கள். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

28 அங்குல டயரும் காட்டர் பின்னும் இன்னும் கிடைக்கும் கடைகளை ஊர்வாரியாக வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

– வாசகர், சேலம்