கட்டத்தை இரண்டாகப் பிரித்த கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லாம் நம் தொண்டு நிறுவனத்துக்கான இந்த மூன்றாண்டுத் திட்டம் செய்த வேலை. போன தடவை நாம் இருவரும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினோமே, அது பீரோவில் அப்படியே கிடக்கிறது. அறங்காவலர் கூட்டத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. ‘பங்கேற்பை வலுப்படுத்துதல்’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். யாருடைய பங்கேற்பை என்று உனக்காவது ஞாபகம் இருக்கிறதா?

இந்தத் தடவை எழுதவே இல்லை, சுவரில் ஒட்டினோம். ஆஸ்டர்வால்டரும் பின்யூரும் தொழில் நடத்துகிறவர்களுக்காக உருவாக்கிய ‘பிசினஸ் மாடல் கேன்வாஸ்’ என்ற திட்டத் தாள் உனக்குத் தெரிந்திருக்கும். யாருக்குச் செய்கிறோம், என்ன தருகிறோம், எப்படிக் கொண்டுசேர்க்கிறோம், செலவு என்ன, வரவு என்ன என்று ஒரே தாளில் ஒன்பது கட்டங்கள். லாபம் பார்க்கிறவர்கள் கருவி நமக்கு எதற்கு என்றுதான் முதலில் முகம் சுளித்தேன். ஆனால் 2010-இல் வந்த அவர்கள் புத்தகத்திலேயே 45 நாடுகளைச் சேர்ந்த 470 பேர் பங்களித்திருக்கிறார்கள். கூடி உட்கார்ந்து செய்வதற்கான பொருள்தான் இது.

ஒரே ஒரு விதி வைத்தோம். முதல் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, அவரவர் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும், நான் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், அந்தப் பத்து நிமிடம் பெரும்பாடு.

‘வாடிக்கையாளர்’ கட்டத்திலேயே தகராறு. களப்பணியாளர்கள் எல்லோரும் ‘பிள்ளைகள்’ என்று எழுதியிருந்தார்கள். கணக்கு பார்க்கிற அம்மா மட்டும் ‘நிதி தருகிறவர்கள்’ என்று ஒட்டினார். சிலருக்குக் கோபமே வந்துவிட்டது. யோசித்தால் இரண்டும் சரி. கடையில் பொருளை வாங்குகிறவரேதான் காசும் கொடுக்கிறார். நம்மிடம் பெறுகிறவர் ஒருவர், கொடுக்கிறவர் வேறொருவர். கடைசியில் ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டோம்.

அந்தக் கோடு போட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. கொடுக்கிறவருக்கு நாம் என்ன தருகிறோம்? அறிக்கை, புகைப்படம், பார்வையிட வரும் நாளின் பரபரப்பு. அதுவும் ஒரு சேவைதான், அதற்கும் செலவு உண்டு. அந்த அம்மா செலவுக் கட்டத்தில் பொடி எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்: ‘சின்ன மானியம்: வருடத்துக்கு நாலு அறிக்கை, தனித் தணிக்கை. மாதத்தில் ஒரு வாரம் எனக்கு இதே வேலை.’ அவர் சம்பளத்தில் ஒரு பைசாவும் அந்த மானியத்திலிருந்து வருவதில்லை. கிடைத்த அன்று இனிப்பு கொடுத்துக் கொண்டாடிய பணம் அது! இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீங்க கேட்கலையே சார்’ என்றார்.

வேன் ஓட்டுநரும் பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘திரும்பும்போது பாதி வண்டி காலி.’ அதை வைத்தே அரை நாள் பேசினோம்.

அப்புறம், 2016-இல் அமெரிக்கத் தொழில்முனைவர் ஸ்டீவ் பிளாங்க்கும் ஆஸ்டர்வால்டரும் இந்தத் தாளையே கொஞ்சம் மாற்றி, வரவுக் கட்டத்தை எடுத்துவிட்டு ‘இலக்கை எட்டினோமா’ என்று வைத்தார்கள். பட்ஜெட் மேலிருந்து வரும் அரசுத் துறைகளுக்கு அது பொருந்தும். நம் போன்றவர்கள் வரவுக் கட்டத்தை எடுத்தால், கனவு மட்டும்தான் சுவரில் மிஞ்சும். இலக்குக்குத் தனியாக ஒரு தாள் ஒட்டிக்கொண்டோம்.

மாலை வகுப்பு நஷ்டத்தில்தான் ஓடுகிறது. அதை மூடப் போவதில்லை, ஆனால் எந்தப் பணம் அதைத் தாங்குகிறது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சின்ன மானியத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. புதுப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை, வேண்டும் என்று எழுத அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? அதற்குள் ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி