மூணாவது வரி

ஹாம்பர்க், ஜெர்மனி,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நைனாவுக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டச் சொல். பணம் வந்துவிட்டதென்று தம்பி மெசேஜ் போட்டிருந்தான்.

தினமும் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சாப்ட்டியா, குளுருதா" என்ற இரண்டு கேள்விக்கு மேல் போகமாட்டாய். அதற்குள் அம்மா வாங்கிக்கொள்வாள். உன்னிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. அதை நிதானமாகத்தான் கேட்க முடியும். இப்போது தடைக்காலம் வேறு. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் உடைக்கிற வேலையும் இருக்காது. 61 நாள் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டேன் நைனா. நைட் டூட்டி முடிந்து ஆறரைக்கு வெளியே வந்தால் நேராக ஏரிக்குப் போய்விடுவேன். ஊர் நடுவிலேயே அல்ஸ்டர் என்று பெரிய ஏரி. ஒரு சுற்று சுற்றினால் ஏழரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காசிமேட்டிலிருந்து அவ்வளவு தூரம் ஓடினால் திருவொற்றியூர் கோயிலைத் தாண்டியிருப்பேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போல கண்டெய்னர் லாரி வரிசை இல்லை, புழுதி இல்லை. மரம், தண்ணீர், வாத்து. ஒரு பெண் தனியாக ஓடுகிறாளே என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் அதை நினைத்தே எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் முதல் மாதம் ஒரு சுற்றுகூட முடிக்க முடியவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் கால் தாளம் தப்பிவிடும், மூச்சு வாங்கும். குளிரால் என்று நினைத்தேன். ஷூவை மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது, பின்னால் உன் சைக்கிள் இல்லை.

பத்தாவது படிக்கும்போது ஸ்கூலில் 1500 மீட்டர் ஓட என்னைச் சேர்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ராத்திரியெல்லாம் ஐஸ் உடைத்துவிட்டு, விடியற்காலை நாலரைக்கு ஈர லுங்கியோடு வந்து என்னை எழுப்புவாய். உன் கை சில்லென்று இருக்கும். நான் முன்னால் ஓடுவேன், நீ சைக்கிளில் பின்னால் வருவாய். "ஓடு, ஓடு" என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை. பாடுவாய். நான் அவசரப்பட்டால் பாட்டை இழுத்துப் பாடுவாய். தளர்ந்தால் மோதிரத்தால் ஹேண்டில்பாரில் தட்டித் தாளத்தை முடுக்குவாய். சாவு வீட்டில் பாடின பாட்டை வீட்டுக்குள் பாடக்கூடாது என்று அம்மா தடுத்துவிடுவாள். ரோட்டில் தடுக்க ஆளில்லை. அதனால் உன் மரண கானா முழுவதையும் நான் ஓடிக்கொண்டேதான் கேட்டேன்.

இங்கே போனில் எந்தப் பழைய பாட்டு வேண்டுமானாலும் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ டேப் ரெக்கார்டரில் போடுகிற சினிமாப் பாட்டு எல்லாம் கேட்டுவிட்டேன். சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு பாட்டு முடிந்ததும் நம் கேசட்டில் அடுத்து வரும் பாட்டை மனசு முதலிலேயே பாட ஆரம்பித்துவிடுகிறது. போனில் வேறு ஏதோ வருகிறது. முப்பது நிமிஷத்தில் 'ஏ' பக்கம் முடிந்து டக்கென்று பட்டன் எகிறும் சத்தம்கூட எனக்கு வேண்டியிருக்கிறது. சரி, அதையாவது எப்படியோ தேற்றிக்கொள்ளலாம். உன் பாட்டை எங்கே போய்த் தேடுவேன்? அதை யாருமே பதிவு பண்ணவில்லையே.

ஒருவர் செத்துப்போனால் சாயங்காலமே வந்து உன்னைக் கூப்பிடுவார்கள். அவர் எந்த ஊர், என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளை, எதை விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்டு சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக்கொள்வாய். ராத்திரி பந்தலில் புல்புல்தாராவும் தகர டின்னும் சேர்ந்துகொள்ளும். முதலில் தாளமில்லாமல் நீட்டி அழைப்பாய், அப்புறம் அடி விழும். விடிவதற்குள் அவருடைய மொத்த வாழ்க்கையும் பாட்டாகி முடிந்திருக்கும். காலையில் பாடையோடு அந்தப் பாட்டும் போய்விடும். அட்டையைக்கூட நீ வைத்துக்கொள்ளமாட்டாய்.

இதை ஏன் இவ்வளவு நினைக்கிறேன் என்று சொல்கிறேன். நான் வேலை பார்க்கிற வார்டில் பெரும்பாலும் வயசானவர்கள். சில ராத்திரி யாராவது இறந்துவிடுகிறார்கள். அப்போது இங்கே நர்ஸ்கள் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். உயிர் வெளியே போவதற்காம். பெரிய படிப்பு படித்தவர்களும் மறக்காமல் செய்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதன்பிறகு ஒரு சத்தமும் இருக்காது. பிப்ரவரியில் ஒரு தாத்தா போனார். கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்திருக்கிறேன் என்று என்னிடம் சொன்னவர். நான்தான் ஜன்னலைத் திறந்தேன். குளிர்காற்று உள்ளே வந்தது. நைனா இங்கே இருந்தால் இந்த மனுஷனை இப்படிச் சும்மா அனுப்பமாட்டாரே என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அன்று காலை ரூமுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதலில் அந்தத் தாத்தாவைப் பற்றி நாலு வரி. அப்புறம் உன் பாட்டில் எனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம். நாள் முழுக்க ஜெர்மனில் பேசிவிட்டு வருகிறேன், தமிழில் எழுதும்போதுதான் என் குரல் எனக்குத் திரும்ப வருகிறது. ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். உட்கார்ந்து யோசித்தால் உன் பாட்டு வருவதில்லை. ஓடினால் வருகிறது. ஏரியைச் சுற்றும்போது கால் அந்தத் தாளத்தைப் பிடித்ததும் வரி தானாக வந்து விழுகிறது. அது மறந்துபோவதற்குள் ரூமுக்கு ஓடிவந்து எழுதிவிடுவேன். இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. ஏரியையும் நிற்காமல் சுற்றி முடிக்கிறேன்.

ஆனால் நடுநடுவே ஓட்டை. நம் தெரு ஆப்பக்கார ஆயாவுக்கு நீ பாடினாயே, அதில் இரண்டு வரிதான் இருக்கிறது:

ஆப்பச்சட்டி சூடு இன்னும் ஆறலியே ஆயா,
அடுத்த தெரு போறாப்போல போயிட்டியே ஆயா...

மூணாவது வரியில் கடன் என்று ஏதோ வரும். அவள் தெருவுக்கே கடன் கொடுத்து, எதையும் எழுதி வைக்காமல் போனதைப் பற்றி. மூன்று மாதமாக ஓடுகிறேன், அந்த வரி மட்டும் வரவில்லை.

நான் கேட்பது இதுதான். தம்பியின் போனில் பாடிப் பதிவு பண்ணி அனுப்பு. வீட்டில் வேண்டாம், அம்மா பயப்படுவாள். காசிமேட்டில் படகெல்லாம் சும்மாதான் கட்டிக் கிடக்கும், ஒன்றில் ஏறி உட்கார்ந்து பாடு. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். யாருக்கு, எந்தத் தெருவில் பாடினாய் என்பதையும் சொல். நான் எழுதிக்கொள்கிறேன். சாவுப் பாட்டு பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று சொல்லாதே. நம் வட சென்னைப் பெண் இசைவாணி கானா பாடித்தான் 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பிடித்தார். நான் மேடைக்குக் கேட்கவில்லை. என்னிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஊர் உனக்குப் பிடிக்கும் நைனா. இங்கே துறைமுகத்துக்கே பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். 1189-ம் வருஷம் மே 7-ம் தேதி பிறந்ததாம். இந்த மாதம் கப்பல்களெல்லாம் ஊர்வலம் போயின. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மீன் மார்க்கெட் கூடுகிறது, 1703-லிருந்து நடக்கிறது. கூவிக்கூவி விற்பதைக் கேட்டால் நம் ஏலம்தான். பக்கத்தில் பழைய ஏலக்கூடத்துக்குள் காலையிலேயே பாட்டுக் கச்சேரி வேறு. வஞ்சிரம் மட்டும் இல்லை.

இன்று அங்கே போய்விட்டு, ஆற்றுக்கு அடியில் போகிற பழைய சுரங்கப்பாதைக்கு ஓடினேன். 1911-ல் கட்டியது. 24 மீட்டர் ஆழத்தில் நானூறு மீட்டருக்கு மேல் நீளம். சுவரெல்லாம் ஓடு பதித்து, நடுவே மீனும் நண்டும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் போனபோது ஆளே இல்லை. ஓட்டத்தை நிறுத்தாமல் ஆயா பாட்டை வாய்விட்டுப் பாடினேன். இரண்டு வரியும் அந்தக் கோடிவரை போய் என்னிடமே திரும்பி வந்தன. எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, நின்று கேட்டார். அடுத்த வரிக்குக் காத்திருந்தார். என்னிடம் இல்லை.

அதை முதலில் அனுப்பு.

உன் பொண்ணு