வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: 37% அமிலம் எத்தனை மூலர்?

அன்பான சேர்மார், ரீச்சர்மார், பாடசாலை ஆய்வுகூடங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைமாருக்கு,

கல்லடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி என்று எங்கிருந்து வந்தாலும், செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் வாங்குகிறவர்கள் கடையில் கேட்பது இதைத்தான்: “போத்தலில் 37% என்று போட்டிருக்கிறது, இது எத்தனை மூலர்?” மூலர் என்றால் ஒரு லீற்றர் கரைசலில் அந்தப் பொருள் எத்தனை மூல் இருக்கிறது என்ற கணக்கு. லேபிளில் அடர்த்தி 1.18 என்றும் இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு லீற்றர் அமிலத்தின் நிறை 1180 கிராம், அதில் 37% என்றால் ஏறக்குறைய 437 கிராம், அதை ஒரு மூல் ஐதரசன் குளோரைட்டின் நிறையான 36.5ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 மூலர். ஆக, 1 மூலர் கரைசல் ஒரு லீற்றர் வேண்டுமென்றால் 83 மில்லிலீற்றர் போதும்.

பலருக்குப் பிழைப்பது இதற்குப் பிறகுதான். 83ஐ அளந்து ஒரு லீற்றர் தண்ணீருக்குள் ஊற்றி, 1 மூலர் என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். மொத்தக் கனவளவு லீற்றரைத் தாண்டிவிடும், கிடைப்பது 0.92 அளவில்தான். கழுத்தில் கோடு போட்ட ஒரு லீற்றர் குடுவையில் பாதிக்கு மேல் வடித்த நீர் எடுத்து, அமிலத்தை மெதுவாக விட்டுக் கலக்கி, நன்றாக ஆறவிட்டு, அப்புறம் கோடு வரை நீர் விடுங்கள். கடைசித் துளிகளைக் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேரே வைத்துப் பார்த்து விட வேண்டும். குடுவையின் பக்கத்தில் 20 பாகை என்று அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள். நம்மூர் மத்தியானத்தில் 30ஐத் தாண்டிய நீர் கால் சதவீதம் அளவு விரிந்திருக்கும், அதனால் காலையிலேயே செய்துவிடுவது நல்லது.

சல்பூரிக் அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. விழுந்த நீர் அந்த இடத்திலேயே கொதித்து, அமிலத்தையும் இழுத்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்த முகவையில் நீரை எடுத்து, அதற்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம்.

சோடியம் ஐதரொட்சைட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. நம் கடற்கரைக் காற்றில் மூடியைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்திலேயே அந்த வெள்ளை மணிகள் ஈரத்தில் மினுங்கத் தொடங்கும், காபனீரொட்சைட்டையும் இழுக்கும். 10 கிராம் நிறுத்து 250 மில்லிலீற்றர் ஆக்கினாலும் சரியாக 1 மூலர் வராது. அமிலமும் அப்படித்தான், திறந்து பழகிய போத்தலில் ஆவி போய்ச் செறிவு குறைந்திருக்கும். ஆகவே உண்மையான செறிவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த நீரற்ற சோடியம் காபனேற்று 1.325 கிராம் எடுத்து 250 மில்லிலீற்றர் ஆக்கினால் 0.05 மூலர். நிறம் மாறிக் காட்டும் மெதயில் செம்மஞ்சள் விட்டு, அதோடு அமிலத்தை நியமித்து, அதாவது எவ்வளவு அமிலம் செலவாகிறது என்று அளந்து அதன் செறிவைக் கண்டு, அந்த அமிலத்தால் காரத்தின் செறிவையும் அப்படியே பாருங்கள், வந்த பெறுமானத்தையே லேபிளில் எழுதுங்கள். 1.00 என்று அழகுக்கு எழுத வேண்டாம், 0.97 என்று எழுதிய போத்தல்தான் பிள்ளைகளுக்கு உதவும்.

வடித்த நீர் முடிந்துவிட்டதென்று கிணற்றுத் தண்ணீரில் வெள்ளி நைத்திரேற்றைக் கரைக்காதீர்கள். அந்த நீரிலுள்ள குளோரைட்டு உடனே வெண்மையாகக் கலங்கவைக்கும், விலைகூடிய பொருள் வீண். வடித்த நீர் கடையில் உண்டு, கழுவிய பிளாஸ்டிக் கான் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கடைக்காரர், மட்டக்களப்பு