இருசக்கர வாகன மெக்கானிக் சங்க ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இந்த அறிக்கை எப்படியும் வாட்ஸ்அப்பில் அவர்களுக்குப் போகத்தான் போகிறது.

ஆயுதபூஜை வழக்கம்போல் நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகளில் பழுது கண்டுபிடிக்கும் ஸ்கேனருக்குப் பயிற்சி வைத்தோம், இளைஞர்கள் நன்றாக வந்தார்கள். மறைந்த மூத்த உறுப்பினர்களின் வீடுகளுக்குச் சங்கம் சார்பில் மாலை கொண்டுபோனோம்.

அடுத்து, சோழவரம் ரேஸ் நினைவுகளைப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “பழங்கதைக்கு எதுக்குங்க சங்கப் பணம்?” என்று செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார். அவருக்கான பதிலும் இதில் இருக்கிறது.

சோழவரம், சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம். அங்கே ரேஸ் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வரும்வரை மெட்ராஸில் ரேஸ் என்றால் சோழவரம்தான். இன்றைய பையன்கள் “அது டிராக் (drag) ரேஸா அண்ணே?” என்று கேட்கிறார்கள். டிராக் ரேஸ் என்பது 402 மீட்டர், நேர்கோடு, இரண்டே வண்டி. சோழவரத்தில் வளைவும் உண்டு, வைக்கோல் கட்டும் உண்டு. ஆனால் ரேஸ் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நேர்பாதையில் இரண்டு வண்டியை விட்டு யார் வேலை சுத்தம் என்று பார்த்ததை நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் கோப்பை கிடையாது, பெட் கட்டிய பணம் மட்டும்தான்.

சோழவரம் என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது விஜய் மல்லையா அங்கே ஃபார்முலா ஒன் கார் ஓட்டியது. கோயம்புத்தூர் ரேஸ் வீரர் கரிவரதனையும் சொல்வார்கள், அவர் சொல்லப்பட வேண்டியவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் விளக்கில் இன்ஜின் சிலிண்டரை மடியில் வைத்து அரம் போட்டவன் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அப்படி அரம் போட்டவர்கள் நம் சங்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை.

என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வந்தது 1985-ல். பதினோரு குதிரைசக்தி வண்டி. அதில் சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் துளையான எக்சாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை அரைவட்ட அரத்தால் தூக்கினால் டாப் ஸ்பீடில் பறக்கும், குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். பக்கவாட்டில் ஆசைப்பட்டு அகலப்படுத்தினால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். எவ்வளவு தூக்குவது என்பதற்கு, இதைச் சொன்ன நம் பெரியவரிடம் அளவுகோல் எதுவும் இருந்ததில்லை. போர்ட்டுக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுத் தடவிக் காட்டினார். எழுபது தாண்டிய விரல், கொஞ்சமும் நடுங்கவில்லை.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் சரியா என்று பார்ப்பதும் அப்படித்தான். நேர்பாதையில் முழு ஆக்சிலேட்டரில் போய், அப்படியே கிளட்சைப் பிடித்து, இன்ஜினை நிறுத்தி, தள்ளிக்கொண்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். நுனி வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அடுத்த சுற்றில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கறுப்பாக இருந்தால் அதிகம். பிஸ்கட் நிறம் வரும்வரை ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்களாம். ஓடுதளத்தில் மரம் கிடையாது, காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதனால் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவதா குறைப்பதா என்பதைக் காலையில் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து முடிவு செய்ததாக இன்னொருவர் சொன்னார். விளக்கெண்ணெய் கலந்த ரேஸ் ஆயில் பெட்ரோலோடு ஒட்டி நிற்காது, கேனைக் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும். அந்தப் புகை வாசனையைப் பற்றிப் பேசாத ஆளே இல்லை.

புல்லட் பைக்கா யெஸ்டி பைக்கா, எது உசத்தி என்ற பழைய வழக்கு பதிவிலும் வந்தது. இருவர் சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். தீர்ப்பு சொல்வது செயலாளர் வேலை இல்லை. (யெஸ்டிதான்.)

இனி வருத்தத்தைச் சொல்ல வேண்டும். டீக்கடை பெஞ்சில் தினமும் சோழவரம் பேசுகிறவர்கள், பதிவுக்கு என்று ஞாயிற்றுக்கிழமை ஹாலைப் பிடித்து, போண்டா சொல்லி, மைக் வைத்தால் வருவதில்லை. “பேத்திக்குக் காது குத்து” என்றார் ஒருவர். சரி, நியாயம். அடுத்த மாதமும் அதே பேத்திக்குக் காது குத்தா என்று நான் கேட்கவில்லை. ஒரு மூத்த உறுப்பினர் நம்பிக் கொடுத்த புகைப்பட ஆல்பத்தை நகல் எடுக்கும் முன் “ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று வாங்கிப் போனவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. ரெக்கார்டருக்கும் படங்களை ஸ்கேன் செய்யவும் ஆன செலவு, சந்தா நிலுவையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பாக்கி. கடையில் ஐந்நூறு ரூபாய் பாக்கி வைத்த வாடிக்கையாளரை நாம் என்னவெல்லாம் பேசுகிறோம் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஹாலை இலவசமாகத் தந்தவர்களுக்கும், மைக் செட் தம்பிக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் தொடர வேண்டுமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். வேறு யாராவது முன்வந்தால் அலமாரிச் சாவி, மினிட் புத்தகம், பாக்கிப் பட்டியல் மூன்றையும் இன்றே தருகிறேன். பட்டியல்தான் கனம். யாரும் வராவிட்டால் பதிவு தொடரும். ஆர்.எக்ஸ். 100 மாதிரியான பழைய டூஸ்ட்ரோக் இன்ஜின் வேலை கை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் ரேஸ் விட்டுப் போலீஸில் மாட்டிய பையன்களில் இருவரை அழைத்துவந்து பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒருவன் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறான். அவன் சங்க உறுப்பினர்கூட இல்லை, ஆனால் நேரத்துக்கு வருகிறான்.

அடுத்த பதிவு வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி, இதே ஹால். போண்டா உண்டு. ரசீதுப் புத்தகமும் அதே மேஜையில்தான் இருக்கும்.