2,628-க்குக் கீழே எழுதாத 222

டல்சா,
12.1.2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு நீதான் காரணம். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "வாய் ஓயாமல் சொல்வாயே, அந்த பாரி சாண்டர்ஸ், அவர் சாதனையை யாராவது தாண்டிவிட்டார்களா?" டிசம்பர் 31 ராத்திரி வரைக்கும் அதற்கு எனக்கே பதில் தெரியாது.

1988-இல் ஒக்லஹோமா ஸ்டேட் கல்லூரி அணிக்காக, அமெரிக்கக் கால்பந்தில் ஒரே சீசனில் 2,628 யார்டு ஓடினாரே, அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை. கிட்டே வந்த பையன் 27 யார்டு குறைவாக நின்றுவிட்டான்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். என் மனைவிக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடி இல்லாமல் சமையலறை வரை நடக்கிறாள். பெரிய மகள் டல்லஸில் வேலை மாறியிருக்கிறாள், மாதம் ஒரு முறை வந்துபோகிறாள். நான் மார்ச்சோடு ஓய்வு பெறுகிறேன். பரணை ஒழிக்கும்போது உன் பழைய ஸ்கோர் நோட்டுகள் கிடைத்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. நாம் கல்லூரியில் படிக்கும்போது உன்னிடம் இரண்டு நோட்டு இருக்கும். லீக் ஆட்டங்களுக்கு ஒன்று, நட்பு ஆட்டங்களுக்கு ஒன்று. "கணக்கில் சேராத ஆட்டத்துக்கு எதற்குடா நோட்டு?" என்று எல்லோரும் கேட்பார்கள். அடித்த ரன் அடித்த ரன்தானே என்பாய். நான் சொல்லப்போவதும் அதைப் பற்றித்தான்.

நாம் ஸ்டில்வாட்டரில், ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், போய் இறங்கியது 1990 ஆகஸ்டில். சாண்டர்ஸ் அதற்கு முந்தைய வருஷமே டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். அவர் ஓடி நாம் பார்க்கவில்லை. ஆனால் ஊரில் பேச்சு ஓயவில்லை. மெஷின் ஷாப்பில் ஒரு பெரியவர் இருந்தாரே, எனக்கு லேத்தில் பிடிமானம் செய்துகொடுத்தவர், அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். 1988 சீசனின் முதல் ஆட்டம், ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழக அணியோடு. ஆட்டம் தொடங்கி எதிரணி உதைத்த முதல் பந்தையே பிடித்து 100 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி, டச்டவுன் போட்டுவிட்டார் சாண்டர்ஸ். பெரியவர் அந்த நேரம் காப்பி வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாராம். கூட்டத்தின் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. அந்த ஒரு ஓட்டத்தைப் பார்க்காமல் போனதைச் சொல்லும்போது லேத்தை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்.

நீ ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. சனிக்கிழமை ஆனால் ஆய்வகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாய். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எத்தனை யார்டு முன்னேறினார் என்பதுதான் ஓட்டக்காரரின் கணக்கு. ஒரு ஆட்டத்தில் 100 யார்டு ஓடினால் நம் ஊரில் சதம் அடித்த மாதிரி. 200 என்பது அபூர்வம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையைப் பார். 1988-இன் பதினொரு ஆட்டங்கள், ஆடிய வரிசையில்:

178, 157, 304, 174, 189, 154, 320, 215, 312, 293, 332.

நீயே ஒரு தாளில் கூட்டிப் பார், 2,628 வரும். கால்குலேட்டர் வேண்டாம். நான் போன வாரம் உன்னை நினைத்துக்கொண்டே கையால் கூட்டினேன். 300-ஐத் தாண்டியவை மட்டும் நான்கு. 215 என்று இருக்கிறதே, அது ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தோடு ஆடியது, ஊரே இரண்டாகப் பிரிகிற ஆட்டம். அதில் 31-28 என்று தோற்றார்கள். கடைசி ஐந்து ஆட்டங்களை மட்டும் கூட்டினால் 1,472. அடுத்த வருஷம் தொழில்முறை ஆட்டத்தில் முழு சீசனிலும் அவர் எடுத்தது 1,470. அதுவே அங்கே அந்த வருஷத்தின் இரண்டாவது பெரிய எண். ஐந்து சனி, ஞாயிறுகளில் அவர் ஓடிய தூரம் எத்தகையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி எண்ணுக்கு, அந்த 332-க்கு, ஒரு கதை உண்டு. அந்த ஆட்டம் நடந்தது டோக்கியோவில். டெக்சஸ் டெக் அணியோடு ஆட இவர்களை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதே நாளில்தான் நியூயார்க்கில் ஹைஸ்மன் கோப்பை அறிவிப்பு. கல்லூரி ஆட்டத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. சாண்டர்ஸ் டோக்கியோவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தியைக் கேட்டார். பிறகு மைதானத்துக்கு வந்து 332 யார்டு ஓடினார். ஆட்டம் 45-42 என்று வெற்றி. அதற்கு முன் ஒரு சீசனின் உச்சம் 1981-இல் மார்கஸ் ஆலன் எடுத்த 2,342. அன்று களத்தில் இறங்கும்போது சாண்டர்ஸின் கணக்கு 2,296. அதாவது முதல் 47 யார்டிலேயே பழைய சாதனை போய்விட்டது, மீதி 285 யார்டும் அதற்கு மேலே.

டச்டவுனில் இன்னும் பெரிய இடைவெளி. அதுவரை ஒரு சீசனில் யாரும் 29-க்கு மேல் போட்டதில்லை. இவர் 39 போட்டார். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான். பழைய ஒளிப்பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஆட்களுக்கு நடுவே நுழைகிறார், வழி அடைபடுகிறது, முழங்கால் தரையைத் தொடுகிற அளவுக்கு உடம்பு தாழ்கிறது. பிடிக்க வந்தவர் கையை நீட்டி முடிப்பதற்குள் இவர் எதிர்ப்பக்கம் நிமிர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறார். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் குதிப்பதில்லை, கையைத் தூக்குவதில்லை. பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது அந்த நடைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீசன் முடிந்ததும் டிசம்பர் 30 அன்று சான் டியேகோவில் ஹாலிடே பௌல் ஆட்டம், வயோமிங் அணியோடு. 62-14 என்று ஜெயித்தார்கள். சாண்டர்ஸ் 222 யார்டு, 5 டச்டவுன். ஆனால் இந்த 222-ஐச் சீசன் சாதனைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் பௌல் ஆட்டம் என்றால் நல்ல அணிக்குக் கிடைக்கும் வெகுமதி, கண்காட்சி ஆட்டம் மாதிரி. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அதைச் சீசன் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. மார்கஸ் ஆலனுக்கும் அதே விதிதான், அதில் பாரபட்சம் இல்லை. 2002-இல் விதியை மாற்றினார்கள். இனிமேல் பௌல் ஆட்டமும் சேரும் என்றார்கள். ஆனால் பழைய ஆட்டக்காரர்களுக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள். சேர்த்திருந்தால் 2,850 யார்டு, 44 டச்டவுன்.

இப்போது ஆஷ்டன் ஜென்டி. ஐடஹோவில் பாய்சி ஸ்டேட் அணியின் பையன். போன இலையுதிர் காலம் முழுக்க நான் அவன் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 31 அன்று ஃபியஸ்டா பௌல் ஆட்டம் தொடங்கும்போது அவன் கணக்கு 2,497. 132 யார்டு ஓடினால் சாதனை அவனுக்கு. சீசனில் அவனுடைய சராசரியே அதைவிட அதிகம். ஆனால் பென் ஸ்டேட் அணி அவனுக்கு இடமே கொடுக்கவில்லை. 30 தடவை பந்தை வாங்கி ஓடியும் 104-தான் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் நான்கைந்து பேர் மேலே விழுந்தார்கள். எழுந்து நின்று அடுத்த ஓட்டத்துக்குத் தயாராவான். 31-14 என்று தோற்றார்கள். அவனுடைய கடைசிக் கணக்கு 2,601.

அவன் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, அதை நீ நம்ப வேண்டும். அணி பெரிய முன்னிலை பெற்ற பல நாட்களில் அவனைப் பாதியிலேயே உட்கார வைத்தார்கள். விட்டிருந்தால் அந்த 27 யார்டு என்றைக்கோ வந்திருக்கும். பையன் மேல் எனக்கு அன்புதான். ஆனால் அவன் ஆடியது 14 ஆட்டம். சாண்டர்ஸின் 2,628 பதினொரு ஆட்டத்தில் வந்தது. பௌல் ஆட்டத்தின் யார்டு ஒருவருக்குச் சேரும், இன்னொருவருக்குச் சேராது என்றால் அந்த இரண்டு எண்ணையும் ஒரே கோட்டில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அன்று ஜென்டி 132 ஓடியிருந்தால் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. அதைப் பார்க்கிற ஒரு சின்னப் பையனுக்கு சான் டியேகோவில் அப்படி ஒரு ராத்திரி இருந்ததே தெரியாமல் போகும். பழைய புள்ளிவிவரம் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. ஆட்ட அறிக்கைகள் அப்படியே இருக்கின்றன. எடுத்துக் கூட்ட வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். ஒக்லஹோமா ஸ்டேட்டின் சொந்தப் பட்டியலிலேயே, கல்லூரி வாழ்க்கை முழுவதற்குமான ஓட்டத்தில் சாண்டர்ஸ் முதலிடத்தில் இல்லை. அங்கே இருப்பது தர்மன் தாமஸ், 4,595 யார்டு. சாண்டர்ஸுக்கு 3,556. காரணம் எளிது: 1987 வரை தாமஸ்தான் முதல் ஓட்டக்காரர், சாண்டர்ஸ் அவருக்குப் பின்னால் மாற்று ஆள். முழுதாகக் கிடைத்தது ஒரே ஒரு வருஷம். பின்னாளில் இரண்டு பேருமே தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே அணியில் ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள் என்பதை இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது.

அந்த 1988 அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், மைக் கண்டி. 2005-இல் அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பந்தை எறிந்து எடுத்த யார்டில் கல்லூரியின் முதல் பெயராக இருந்தவர். பிறகு அவர் பயிற்சி கொடுத்த பையன்களே ஒவ்வொருவராக அவரைக் கீழே தள்ளினார்கள். சாக் ராபின்சன் 8,317, பிராண்டன் வீடன் 9,260, மேசன் ருடால்ஃப் 13,618. ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? 2024 சீசன் மட்டும் ரொம்பக் கஷ்டம். மூன்றே வெற்றி, கடைசி ஆட்டத்தில் கொலராடோவிடம் 52-0. அன்று நான் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

டெட்ராய்ட் போன முதல் வருஷத்தில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சீசனின் கடைசி ஆட்டம், அணி ஜெயிப்பது உறுதி. சாண்டர்ஸ் இன்னும் 10 யார்டு ஓடினால் கிறிஸ்டியன் ஓகோயேவின் 1,480-ஐ எட்டி, அந்த வருஷத்தின் முதல் ஓட்டக்காரர் பட்டத்தில் பங்கு பெறுவார். உள்ளே போகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். வேண்டாம் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த ஆளுக்கு இந்த 222-ஐப் பற்றிக் கவலை இருக்காது என்று எனக்கும் தெரியும். எனக்குத்தான் இருக்கிறது. எண்ணை எழுதி வைப்பது ஓடியவர் வேலை இல்லை, பார்த்தவர்கள் வேலை.

போன நவம்பரில் ஒரு வேலையாக ஸ்டில்வாட்டர் போயிருந்தேன். மைதானத்தை இடித்துக் கட்டி, பெயரை மாற்றி, நாம் பார்த்த மாதிரி இல்லவே இல்லை. ஆனால் கிழக்கு மேற்காகப் படுத்திருப்பது மட்டும் அப்படியே. டச்டவுன் போட்டதும் கறுப்புக் குதிரை ஓடுமே, அந்த வழக்கமும் நிற்கவில்லை. வெளியே சாண்டர்ஸுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், 2021-இல். சாயங்காலம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கொஞ்சநேரம் நின்றேன். தீட்டா குளத்தில் வாத்துகள் இருக்கின்றன. நாம் இருந்த அடுக்குமாடி இல்லை, அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

ஜூலையில் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்த இரண்டாவது நோட்டை யாருக்கும் எடைக்குப் போட்டுவிடாதே. அதில் 1986-இல் நாம் வெளியூர் போய் ஆடிய ஆட்டம் இருக்க வேண்டும், மழையில் முடிந்தது. நான் எத்தனை அடித்தேன் என்று எனக்கு ஒரு எண் ஞாபகம் இருக்கிறது. உன் நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. எது இருந்தாலும் உன் கணக்கே சரி.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்