பிரேக்கை மிதித்தது யார் கால்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குத் தயாராவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் எடுப்பது, ஆன்லைனில் நாள் பதிவது, என்னென்ன காகிதம் கொண்டுபோவது என்று எல்லாம் இருந்தது. தேர்வு நாளில் நான் எதனால் தோற்றேனோ, அது மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. பாளையங்கோட்டையில் ஆசிரியை. போன வருடம் ஒரு பயிற்சிப் பள்ளியில் கார் பழகச் சேர்ந்தேன். நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் வாங்க வேண்டிய மருத்துவச் சான்றான படிவம் 1ஏ, எல்.எல்.ஆர். எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தது. தினமும் காலை ஆறரைக்கு வண்டி வாசலுக்கு வரும். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து பார்ப்போம். என் கைக்கு ஸ்டீரிங் வருவது பத்து நிமிடம். 20 நாளையும் கூட்டிப் பார்த்தால் மூன்றரை மணி நேரம்கூடத் தேறாது.

பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. அது வேண்டிய ஏற்பாடுதான், உயிரைக் காப்பது. எங்கள் மாஸ்டரும் தன்மையான மனிதர், ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் நான் தடுமாறும்போதெல்லாம், "நீங்க ஸ்டீரிங்கை மட்டும் பாருங்க டீச்சர், மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்பார். பார்த்தும் கொண்டார். சமாதானபுரத்தில் வண்டி அலுங்காமல் நின்றபோதெல்லாம் நான்தான் நிறுத்தினேன் என்று நம்பினேன். என் காலும் பிரேக் மேல்தான் இருந்தது. அழுத்தியது அவர் கால்.

தேர்வு நாளில், தேர்வு எடுக்கும் அதிகாரியான பிரேக் இன்ஸ்பெக்டர் மாஸ்டரை இறங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு காலையும் சீட்டோடு ஒட்டி இழுத்து வைத்துக்கொண்டு, "போங்கம்மா" என்றார். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் வண்டி ஓர் உதறு உதறி அணைந்தது. மறுபடி எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் "ஓரமா நிறுத்துங்க" என்றார். பிரேக்கை எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று என் காலுக்குத் தெரியவில்லை. ஒரேயடியாக அழுத்திவிட்டேன். அவர் சட்டென்று டேஷ்போர்டில் கை ஊன்றிக்கொண்டார். திட்டவில்லை. "இதுக்கு முன்னாடி பிரேக்கை நீங்களா மிதிச்சிருக்கீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

தேறாதவர்கள் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் ஆனதுமே தேர்வுக்குப் போகலாம் என்பதால் எல்லாரும் 31ஆம் நாளே போய் நிற்கிறோம். நானும் அப்படித்தான் போனேன். இந்த முறை ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டினோம். உரிமம் உள்ள என் வீட்டுக்காரர் ஹேண்ட்பிரேக் மேல் கை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், முதல் நாலு நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடவில்லை. கிளட்சை மெதுவாக விடும்போது பாதியில் ஸ்டீரிங்கில் லேசாக ஓர் அதிர்வு வரும், வண்டி கிளம்பப் பார்க்கும். அங்கே காலை நிறுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். அப்புறம் சாலையோரம் ஒரு பனைமட்டையைப் போட்டு, அதன் நேருக்கு என் கதவு வரும்படி நிறுத்தச் சொன்னார். ஒரு காலையில் முப்பது தடவையாவது நிறுத்தியிருப்பேன். மூன்றாவது வாரம்தான் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். ஏற்றத்தில் முன்னால் பஸ் நிற்க, பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்க, முதல் தடவை ஒரு சாண் பின்னால் உருண்டுவிட்டேன். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கிளட்ச் பிடிக்கும் அந்த அதிர்வு வரும்வரை காத்திருந்து, பிறகு விடுவித்தேன். வண்டி ஏறியது. அடுத்த தேர்வில் தேறியதைவிட அந்தப் பாலம் ஏறியதுதான் எனக்குப் பெரிது.

பிறகுதான் விதிகளை எடுத்துப் படித்தேன். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, தேர்வில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: கண்ணாடியைச் சரிசெய்வது, ஏற்றத்திலும் இறக்கத்திலும் வண்டி எடுப்பது, கை சிக்னல், அவசரத்தில் நிறுத்துவது, ரிவர்ஸில் திருப்பத்துக்குள் நுழைவது. என் 20 வகுப்பில் ரிவர்ஸ் கியர் ஒரு தடவைகூட விழவில்லை. 31ஆவது விதியின்படி சொந்த வண்டி ஓட்டப் பழகுகிறவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அவர் நிஜமாக வண்டி ஓட்டும் நேரம் பத்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எழுதி வைக்கவே படிவம் 15 என்று ஒரு பதிவேடும் இருக்கிறது. என் கண்ணில் அதை யாரும் காட்டியதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

பைக், ஸ்கூட்டரில் எட்டு போடுகிறவர்கள் கதையும் இதேதான். கால் ஊனாமல் அந்தக் கோட்டுக்குள் சுற்றி வந்துவிடுகிறார்கள். திரும்பும் முன் பின்னால் வருகிற லாரியைக் கண்ணாடியில் பார்க்க யாரும் பழக்குவதில்லை.

மாஸ்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசி ஐந்து வகுப்புகளிலாவது, ஆளில்லாத இடமாகப் பார்த்து, உங்கள் காலை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் உதறுவோம், அணைப்போம், பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்வு எடுக்கும் அதிகாரிகள் வண்டியில் ஏறும் முன் அந்தப் படிவம் 15ஐ ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தால், பத்து நிமிட வகுப்பு தானாக நின்றுவிடும்.

என் தம்பி மகள் அடுத்த வாரம் கார் வகுப்பில் சேருகிறாள். பணம் கட்டும் முன்பே பதிவேட்டைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பனைமட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பாளையங்கோட்டை.