சந்தேகம் வந்தாலே அறிவிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் உப்புவெளியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். போன மாரியில் என் பேரனுக்குக் கடும் காய்ச்சல். தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, மூட்டு உளைவு எல்லாம் இருந்தன. ஆறாம் நாள் ஒரு தனியார் மருந்தகத்தில் டெங்கு வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை செய்து, 'நெகட்டிவ், டெங்கு இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். நோயைச் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்கும் அறிவித்தல் படிவம் நிரப்பவில்லை. மூன்று கிழமைக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை டெங்கு என்று வாட்டில் கிடந்தாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

என்.எஸ்.1 காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகத் தெரியும். ஆறாம் நாளில் 'நெகட்டிவ்' வந்ததை வைத்து டெங்கு இல்லை என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், அறிவிப்பதற்கு அந்தப் பரிசோதனைத் துண்டே தேவையில்லை. திடீர்க் காய்ச்சலோடு பேரனுக்கு இருந்தது போன்ற அறிகுறிகளில் இரண்டு சேர்ந்தாலே சந்தேக நோயாளி என்று சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கலாம், அறிவிக்க வேண்டும். சிலருக்கு வேறு காய்ச்சலாக இருக்கும். பரவாயில்லை, விசாரணையில் கழிந்துவிடும். ஆனால் நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை போதும். உறுதியாகும்வரை காத்திருந்தால் நுளம்பை ஒழிக்க நாங்கள் போய்ச் சேர்வது பிந்தித்தான்.

மலேரியாவுக்குக் கணக்கு வேறு. விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டால்தான் அது மலேரியா. அந்தக் கண்டிப்போடு பார்த்துப் பார்த்துத்தான் 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. எந்த நோய்க்கு எந்த வரைவிலக்கணம் என்பதில் குழம்பினால் எண்ணிக்கையே பொய்யாகிவிடும்.

2017 மார்ச்சில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த வருடம் நாட்டில் பதிவான 186,000க்கு மேற்பட்டோரும் 'சந்தேக' நோயாளர் என்ற கணக்கில் வந்தவர்களே. செய்தியில் எண்ணைப் போடும்போது அந்தச் சொல்லையும் சேர்த்துப் போடுங்கள் ஐயா.

தனியார் வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. படிவத்தில் வெறுமனே 'உப்புவெளி' என்று எழுதாமல் ஒழுங்கை, வீட்டு இலக்கம், தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். ஒரு வீட்டைத் தேடி அரைநாள் சைக்கிள் மிதித்தவன் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
உப்புவெளி, திருகோணமலை.